மோட்டார் வராத பாதை, பழங்காடு, மூன்று நாள் சைக்கிள்: நடக்கிற காரியமா?

ஏப்ரல் 6, மாலை (கேள்வி)

பர்மிங்காமில் இருக்கிறோம். நானும் மனைவியும் மூன்று நாள் சைக்கிளில் போக நினைக்கிறோம். மோட்டார் வண்டியே வராத பாதை வேண்டும். பின்னால் லாரி உறுமினால் அவருக்குக் கை நடுங்கிவிடும். அதோடு, ‘ஏன்ஷியன்ட் உட்லேண்ட்’ என்று எழுதிவைக்கிறார்களே, அந்த மாதிரிப் பழைய காட்டுக்கு நடுவில் போக ஆசை. இரண்டும் சேர்ந்து கிடைக்குமா? விளம்பரத் தாளில் மட்டும்தானா?

ஏப்ரல் 6, இரவு

கிடைக்கும். ரயிலில் கிடர்மின்ஸ்டர் போங்கள், அங்கிருந்து பியூட்லி பக்கம்தான். பியூட்லியை விட்டால் வயர் காடு. தேசிய சைக்கிள் வலையமைப்பின் 45ஆம் தடம் காட்டுக்குள் ஒரு பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டம், அதற்குள் வெள்ளையில் 45. அது முடிந்ததும் ரயில் பிடித்து டீன் காட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே 11 மைலுக்கு ஒரு வட்டப்பாதை, ஏறத்தாழ 18 கிலோமீட்டர், முழுக்க ஓக் மரம். ஓக் என்றால் சாதாரண ஓக் இல்லை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆயிரம் வருஷத்துக் காடு. மூன்று நாளுக்குத் தாராளம்.

ஏப்ரல் 7

பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நீராவி எஞ்சினுக்கு மேடு ஆகாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். அப்புறம் சாலைப் போக்குவரத்து வந்து ரயிலைத் தின்றுவிட்டது. 1963இல் வந்த பீச்சிங் அறிக்கை சுமார் 5,000 மைல் தடத்தையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்னது. அதற்கு முன்பே மூடியவையும் நிறைய. வயர் காட்டின் பாதையில் பயணிகள் ரயில் 1962இலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த இடத்தில்தான் இப்போது நாம் பெடல் மிதிக்கிறோம். டவுல்ஸ் அருகே செவர்ன் ஆற்றுக்குள் பாலத்தின் தூண்கள் மட்டும் நிற்கும். மேலே பாலம் கிடையாது. முதல்முறை பார்த்தபோது ஏதோ கோயில் மண்டபம் பாதியில் நின்றுபோனது போலத் தோன்றியது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ரயில் தடத்தில் போவது சில இடங்களில் ஒரே சலிப்பு. இரண்டு பக்கமும் வெட்டிய மண்சுவர், மேலே ஒரு கீற்று வானம், நேர்க்கோடு. அரை மணி நேரம் மிதித்தாலும் அதே இடத்தில் இருப்பது போல இருக்கும். இன்னொன்று, கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற பாதை உண்மையில் லேசாக ஏறிக்கொண்டிருக்கும். ‘ஏன் இன்று காலே வரமாட்டேன் என்கிறது, வயசாகிவிட்டதா’ என்று கவலைப்பட்டு, திரும்பி வரும்போதுதான் விஷயம் புரியும்.

ஏப்ரல் 8

முதல் நாள் எழுதியதில் ஒரு ஓட்டை. ‘மூன்று நாளுக்குத் தாராளம்’ என்றேன். இல்லை.

சைக்கிள் தடம் என்று பலகை வைத்திருப்பதாலேயே அங்கே மோட்டார் வராது என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய சைக்கிள் வலையமைப்பைக் கவனிக்கிற சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 2018இல் அதைத் தானே கணக்கெடுத்தது. மொத்தம் 16,575 மைல். அதில் மோட்டார் இல்லாதது மூன்றில் ஒரு பங்கு. மீதி எல்லாம் சாலை, சிலது ஊர்ச்சாலை, சிலது நிஜமான சாலை. 2020இல் அவர்களே கிட்டத்தட்ட கால் பங்கை வலையமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் அல்லது வேறு வகையில் சேர்த்தார்கள், பாதுகாப்பு போதாது என்று. நேர்மையான காரியம்தான். ஆனால் பழைய வரைபடத்தை நம்பிப் போகிறவர் பாடு திண்டாட்டம்.

ஆகவே உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன்: பாதையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், மூட்டுகளைப் பாருங்கள். ஒரு காட்டுப்பாதை முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள அந்த ஒன்று, இரண்டு மைல் இருக்கிறதே, நாளின் பயம் முழுவதும் அங்கேதான். நான் ஒருமுறை பதினெட்டு மைல் நிம்மதியாகப் போய், கடைசி முக்கால் மைலில் ஒரு மேட்டுச் சாலையில் பால் லாரிக்கு வழிவிட்டு வேலியோடு வேலியாக ஒட்டி நின்றேன். அன்றைய நாளில் இன்று ஞாபகம் இருப்பது அந்த முக்கால் மைல் மட்டும்.

ஏப்ரல் 8, சற்று நேரம் கழித்து

‘அப்படியானால் அந்த முக்கால் மைலைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கலாமே’ என்கிறார் ஒருவர். நடந்திருக்கலாம். கௌரவம் விடவில்லை.

ஏப்ரல் 11

இன்னொரு திருத்தம், இது பெரியது. டீன் காட்டு ஓக் மரங்களை ‘ஆயிரம் வருஷத்துக் காடு’ என்று எழுதினேன் அல்லவா? தனிமடலில் ஒருவர் கேட்டார்: ‘அந்த மரங்கள் ஏன் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று யோசித்தீர்களா?’ யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், ஏனென்றால் கதை எனக்குத் தெரிந்ததுதான். 1802இல் கடற்படைத் தளபதி நெல்சன் டீன் காட்டைப் பார்த்துவிட்டு, இது இப்படிக் கிடந்தால் நாளைக்குக் கப்பல் கட்ட மரம் இருக்காது என்று எழுதினார். 1808இல் சட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வேலி அடைத்து ஓக் கன்று நட்டார்கள். கன்று மரமாகிக் கப்பலுக்கு ஆகும் வயதை எட்டுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. நான் கழுத்து வலிக்கப் பார்த்த மரங்களில் நிறைய அந்த வகை. கடற்படைக்கு நட்டது, கடற்படை வாங்கிக்கொள்ளவில்லை. இருநூறு வயசு. ஓக் மரத்துக்கு அது நடுவயசுகூட இல்லை.

அங்கே பழங்காடே இல்லை என்று சொல்லவில்லை, உண்டு. ஆனால் நான் காட்டியது அது இல்லை.

ஏப்ரல் 12

சரி, பழங்காடு என்றால் என்ன? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600இலிருந்து விடாமல் காடாகவே இருக்கும் நிலம். ஸ்காட்லாந்தில் 1750. ஏன் 1600 என்றால், அதற்கு முன் காடு நடுகிற வழக்கம் அபூர்வம். ஆக அப்போது காடாக இருந்தது பெரும்பாலும் தானாக வளர்ந்த காடாகத்தான் இருக்கும் என்ற கணக்கு. நாட்டின் நிலப்பரப்பில் இரண்டரை சதவீதம்தான் மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டியது: வயசு நிலத்துக்கு, மரத்துக்கு இல்லை. மரம் நேற்று முளைத்ததாகக்கூட இருக்கலாம். மண்ணைக் கிளறாமல் விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. மரங்களை வெட்டிவிட்டு ஊசியிலை மரம் நட்ட இடங்களையும் பழங்காட்டுக் கணக்கில்தான் வைக்கிறார்கள். அடியில் பழைய மண் இன்னும் உயிரோடு இருக்கும் என்பதால்.

ஏப்ரல் 12, இரவு

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதைக் காட்டில் பார்க்க வேண்டுமானால் ஹேசல் புதரைப் பாருங்கள். அடியோடு வெட்டினால் அதே கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து குச்சிகள் கிளம்பும். சில வருஷம் கழித்து அவற்றை வெட்டினால் மறுபடியும் கிளம்பும். வேலிக்கும் விறகுக்கும் கரிக்கும் தலைமுறை தலைமுறையாக இப்படி வெட்டியிருக்கிறார்கள். மேலே இருப்பது கட்டைவிரல் தடிமன் குச்சி, கீழே இருக்கும் கட்டைக்குப் பல நூற்றாண்டு வயது இருக்கலாம். வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்தில் இப்படி வெட்டி வளர்த்த ஒரு லைம் மரம் இருக்கிறது (எலுமிச்சை இல்லை, வேறு மரம்). வட்டமாக அறுபது தண்டுகள், எல்லாம் ஒரே மரம். 2,000 வயது இருக்கலாம் என்கிறார்கள். சைக்கிளில் போகிறவர் அதை ‘புதர்’ என்று நினைத்துக் கடந்துபோவார். நானே எத்தனை முறை கடந்திருக்கிறேனோ.

ஏப்ரல் 20

நேற்று வயர் காட்டுக்குப் போய் வந்தேன், இங்கே அளந்துகொண்டிருந்ததைச் சரிபார்க்க.

மணம்தான் முதலில் வந்தது. ஓடைப் பக்கம் இறங்கும்போது யாரோ பூண்டு நசுக்குகிற வாசனை. மிளகு, சீரகம் மட்டும் குறை, மற்றபடி ரசம்தான். காட்டுப்பூண்டு, இலை இலையாகத் தரை முழுக்க. பழங்காட்டு மண்ணில் வருகிற செடிகளில் அதுவும் ஒன்று. புளூபெல் இன்னும் முழுசாக விரியவில்லை, கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் அங்கங்கே நீலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரைதான் அதன் ஆட்டம். மேலே மரம் இலைவிட்டு வெயிலை மூடுவதற்குள் பூத்து முடித்துவிட வேண்டும்.

இனி நான் செய்த காரியம். பாதை ஓரத்தில் வெள்ளைப் பூக்கள், உட் அனிமோன். வெயில் பட்டால் விரியும், மேகம் வந்தால் கூம்பும். படம் எடுக்கலாம் என்று சைக்கிளைப் பக்கத்தில் படுக்கவைத்தேன். பைகளோடு முப்பது கிலோ. எடுத்து நிமிர்த்தும்போதுதான் பார்த்தேன், அது படுத்திருந்த இடமும் பூதான். இந்தச் செடி விதையால் பரவுவது குறைவு, மண்ணுக்குள் தண்டு ஊர்ந்துதான் பரவும். நூறு வருஷத்துக்கு ஆறடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. என் சைக்கிள் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஏறத்தாழ ஆறடி.

நூறு வருஷத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுத்தேன். படமும் சரியாக வரவில்லை.

ஏப்ரல் 21

‘செடி மறுபடி வந்துவிடும், ஒரு தடவைதானே’ என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. வேர் போகவில்லை, வரும். ஆனால் புளூபெல் விஷயத்தில் அந்த ஆறுதல் செல்லாது. இலை நசுங்கினால் அந்த வருஷம் அது உணவு தயாரிக்க முடியாது, கிழங்கு இளைத்துப்போகும். வருஷா வருஷம் பத்துப் பேர் படம் எடுக்க இறங்கினாலே பூவுக்கு நடுவே ஒரு மண்பாதை உருவாகிவிடும். உலகத்துப் புளூபெல்லில் பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்கிறார்கள். நிலக்காரர் அனுமதி இல்லாமல் கிழங்கைத் தோண்டினால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மிதித்தால் குற்றமில்லை, அதுதான் வேடிக்கை.

ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள். பயணச் சைக்கிளில் ஸ்டாண்ட் எதற்கு, வெறும் கனம் என்று பத்து வருஷம் வாதாடியவன் சொல்கிறேன்.

ஏப்ரல் 26

தடுப்புகள் பற்றி யாருமே கேட்கவில்லை. போய் மாட்டிக்கொண்ட பிறகு கேட்பீர்கள். மோட்டார் பைக் உள்ளே வரக்கூடாது என்று பாதை வாயில்களில் இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்கள். ஒரு வகை இரண்டு கம்பிகள் மேலே குறுகிச் சேர்கிற மாதிரி இருக்கும். ஹேண்டில்பார் நுழையாது, சாய்த்தால் பை நுழையாது. நான் ஒரு ஊரின் எல்லையில் (பெயர் வேண்டாம்) நான்கு பைகளையும் கழற்றி, சைக்கிளைப் பின் சக்கரத்தில் நிமிர்த்தி, நடனமாடுவது போல அதைக் கட்டிப்பிடித்து உள்ளே போனேன். அந்தப் பக்கம் ஒரு மோட்டார் பைக் நிற்கிறது! வேலியில் ஓட்டை இருந்ததாம்.

இரண்டு பேர் போவதில் ஒரு லாபம் உண்டு. ஒருவர் சைக்கிளைப் பிடித்தால் இன்னொருவர் பையைக் கடத்தலாம். தனியாகப் போனால் முன்பக்கப் பைகளை வீட்டிலேயே விடுங்கள்.

ஏப்ரல் 27

வரைபடத்தில் காட்டுக்குள் பச்சைப் புள்ளிக் கோடாக எத்தனையோ பாதை தெரிகிறதே, எல்லாவற்றிலும் போகலாமா என்ற கேள்விக்கு: இல்லை. கம்பத்தில் அம்பின் நிறம் பாருங்கள். மஞ்சள் என்றால் நடைபாதை, சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீலம் என்றால் பிரைடில்வே, குதிரைப்பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளை அனுமதித்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம் வழிவிட வேண்டும். கருஞ்சிவப்பும் சிவப்பும் சைக்கிளுக்கு ஆகும். சிவப்பில் மோட்டாரும் வரலாம் என்பதால் உங்களுக்கு அது வேண்டாம். ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லையே இல்லை, 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு பெரும்பாலான இடங்களில் போகலாம் என்கிறது.

குதிரை முன்னால் போனால் பெல் அடிக்காதீர்கள். தூரத்திலிருந்தே வாயைத் திறந்து பேசுங்கள். குதிரைக்கு மனிதக் குரல் தெரியும், பெல் என்ன பிராணி என்று தெரியாது. நான் ஒருமுறை அவசரத்துக்குத் தமிழிலேயே ‘கொஞ்சம் வழிவிடுங்க’ என்றேன். குதிரை விட்டது. மேலே இருந்தவர்தான் விழித்தார்.

மே 3

கேட்டவரும் மனைவியும் போய் வந்துவிட்டார்களாம். இரண்டு நாளில் திரும்பியிருக்கிறார்கள், சேறு. அது என் தப்பு. வயர் காட்டில் ரயில் தடத்தைக் காட்டினேன், அது கெட்டி. அதை விட்டு நீல அம்பைப் பின்பற்றினால் களிமண் என்று சொல்லவில்லை. ரயில் தடத்துக்கு அடியில் ஜல்லி போட்டு அடித்திருக்கிறார்கள். பழங்காட்டுக்கு அடியில் பழங்காட்டு மண்தான் இருக்கிறது. அதுதானே அதன் பெருமையே! மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சேறும் சருகும் சேர்ந்து இறுகி, சக்கரம் நின்றேவிட்டது என்று எழுதியிருக்கிறார். குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாராம்.

யோசித்தால், ஏப்ரல் 6இல் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான் போலிருக்கிறது. சுலபமாக ஓட்டக்கூடிய பாதை என்றால் யாரோ அங்கே மண்ணை வெட்டி நிரப்பியிருக்கிறார்கள். மண்ணைத் தொடாத இடம் என்றால் சுலபமாக ஓட்ட முடியாது. வயர் காட்டு ரயில் தடம் மாதிரிச் சில இடங்களில்தான் வெட்டிய கோட்டின் மேல் நின்று வெட்டாததை இரண்டு பக்கமும் பார்க்கலாம். மற்ற இடங்களில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

மே 4

மேலே எழுதியது கொஞ்சம் ஞானி மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். நடைமுறைக்கு: 40 மில்லிமீட்டர் டயர் போடுங்கள், காற்றைக் குறையுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மழை பெய்து இரண்டு நாளாவது ஆகட்டும்.

மே 10

நடக்க வேண்டும் என்று நானே எழுதியதால் நானே நடந்தேன். வயர் காட்டில் ரயில் தடத்தை விட்டு உள்ளே போனால் ஒரு சார்ப் மரம். விட்டி பேர் என்பது ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர். அங்கே இருந்த மூல மரத்தைப் பற்றி 1678இலேயே குறிப்பு இருக்கிறது. பேரிக்காய் போலச் சின்னக் காய் காய்க்கும், பிரிட்டனில் தானாக வளர்ந்தது இது ஒன்றுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1862இல் நிலக்காரர் மேல் இருந்த கோபத்தில் ஒருவன் அதைக் கொளுத்திவிட்டான். ஆனால் அதன் விதையிலிருந்தும் கிளையிலிருந்தும் முன்பே கன்றுகள் எடுத்து வேறு இடங்களில் வளர்த்திருந்தார்கள். அந்த வம்சத்தில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து நட்டதுதான் இப்போது நிற்பது.

நட்ட மரம். டீன் காட்டு ஓக்கைப் பற்றி ‘நட்டதுதானே’ என்று ஏப்ரல் 11இல் அலட்சியமாக எழுதியது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மே 11

உண்ணி இருக்குமா என்ற கேள்விக்கு: இருக்கும். நேற்று முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, கசகசா அளவு. நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வைத்தியம் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றிச் செந்நிற வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய்விடுங்கள், லைம் நோய் (இதுவும் எலுமிச்சை இல்லை).

ஜூன் 8

கேட்டவர் மறுபடி கேட்கிறார்: ஜூலையில் போனால் புளூபெல் இருக்குமா?

இருக்காது. காய்ந்த தண்டும் விதைக்கூடும்தான். மேலே இலை மூடி உள்ளே மதியத்திலும் மங்கலாக இருக்கும். பூண்டு மணமும் போயிருக்கும். ஆனால் மண் இறுகியிருக்கும், நீல அம்புப் பாதைகளில்கூட ஓட்டலாம். கோடையில் முள்செடிகள் பாதைக்குள் சாய்ந்துவிடும் என்பதால் ஆளுக்கு இரண்டு ட்யூப் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டவுல்ஸ் பக்கத்துத் தடுப்பை உங்கள் மனைவியே அளந்துவந்து அனுப்பியதாகச் சொன்னீர்களே, அந்த அளவை இங்கே போடுங்கள். நான் பை வாங்கப் போகிறேன்.